'நேத்து ராத்திரி நான் எப்படிம்மா வந்தேன்?'

கடிதம் எழுதியவர் ஒரு தாய். மகனுக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விடுதியில் தங்கிப் படிக்கிறான், வார இறுதியில் வீட்டுக்கு வருகிறான். கடந்த எட்டு மாதங்களில் மூன்று முறை நண்பர்கள் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலில் விட்டிருக்கிறார்கள். கடைசி முறை சட்டையின் ஒரு பக்கம் முழுக்க வாந்தி, ஒரு காலில் மட்டும் செருப்பு. இரண்டு மணி நேரத்துக்குள் 60 மில்லி அளவில் ஆறு தடவை ஊற்றிக் குடித்தான் என்று கூட வந்த பையன் சொல்லியிருக்கிறான். மறுநாள் பதினோரு மணிக்கு எழுந்து வந்தவன், "நேத்து ராத்திரி நான் எப்படிம்மா வந்தேன்?" என்று கேட்டானாம்.

"என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதான் டாக்டர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். மறுநாள் ஒன்றுமே தெரியாதவன் போல் நடிக்கிறான். அவன் குடித்ததைவிட இந்தப் பொய்தான் என் மனதை அறுக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

கணவரும் எப்போதாவது குடிப்பவர். மகன் 14 வயதில் இருந்தபோது, வெளியே திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு நம் கண் முன்னால் குடிக்கட்டும் என்று அவரே ஊற்றிக் கொடுத்திருக்கிறார். "இந்த வயசுல எல்லாரும்தான் குடிக்கிறாங்க, அதுவும் சனிக்கிழமை மட்டும்தானே" என்பது அவர் கட்சி. "நம்ம பையன் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்" என்று முன்பெல்லாம் பெருமையாகவும் சொல்வாராம். தாயின் அண்ணன் குடியால் ஈரல் கெட்டு இறந்தவர். அந்த ரத்தம்தான் மகனிடமும் ஓடுகிறதோ என்று இவருக்குப் பயம். விடுதி நண்பர்கள்தான் கெடுத்தார்கள் என்று உறுதியாக நம்புகிறார். மூன்று யோசனைகள் வைத்திருக்கிறார்: படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்துக்கொள்வது, தன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவது, தெரிந்தவர் கொடுத்த ஒரு பொடியை அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது. "நான் எங்கே தவறினேன்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். குடித்தால்தான் அவனுக்குப் பேச்சே வருகிறது."

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களை அறுக்கும் அந்தப் பொய்யைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அது பெரும்பாலும் பொய் இல்லை. மது ரத்தத்தில் வேகமாக ஏறும்போது, நடப்பதை நினைவாகப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. மற்ற பகுதிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் பேசுவான், அழுவான், நடப்பான், வண்டியைக்கூட எடுத்துவிடுவான். ஆனால் எதுவும் பதிவாகாது. மறந்துபோன விஷயத்தை யோசித்து யோசித்து மீட்கலாம். பதிவே ஆகாததை மீட்க வழியில்லை. அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவனுக்கும் மறுநாள் உங்களைக் கேள்வி கேட்டவனுக்கும் நடுவில் அந்த அரை மணி நேரம் உண்மையாகவே இல்லை. அவனுக்கும் அது பயமாகத்தான் இருந்திருக்கும்.

இதைச் சொல்வது அவனைக் காப்பாற்ற இல்லை. நினைவு இப்படி அறுந்துபோவது நல்ல அடையாளம் அல்ல. குடியின் அளவும் வேகமும் எல்லை தாண்டிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மூன்று தடவையும் நினைவு தப்பியதா, உங்கள் கண்ணில் படாமல் விடுதியில் எத்தனை தடவை என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

சனிக்கிழமை மட்டும்தானே?

உங்கள் கணவர் நாட்களை எண்ணுகிறார். எண்ண வேண்டியது கிராமை. 40 சதவீத மது 60 மில்லியில் சுமார் 19 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். ஆறு தடவை என்றால் கிட்டத்தட்ட 114 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை அதிகக் குடி என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உங்கள் மகன் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை இரண்டு மணி நேரத்தில் குடித்திருக்கிறான். ஈரலால் ஒரு மணி நேரத்தில் 10 கிராம் அளவுக்குத்தான் எரிக்க முடியும். காபியும் மோரும் குளிர்ந்த தண்ணீரும் அந்த வேகத்தைக் கொஞ்சமும் கூட்டாது. கணக்குப் போட்டால், மறுநாள் காலை அவன் எழுந்தபோதும் உடம்பில் மது மிச்சம் இருந்திருக்கலாம்.

தினமும் குடிப்பவனுக்குத்தான் பிரச்சினை என்ற எண்ணம் இளைஞர்கள் விஷயத்தில் நம்மை ஏமாற்றும். இந்த வயதில் ஈரல் கெடுவதற்கு வருடங்கள் ஆகும். விபத்து, தண்ணீரில் விழுவது, அடிதடி, மல்லாந்த நிலையில் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைப்பது, இவற்றுக்கு ஒரே ஒரு சனிக்கிழமை போதும்.

அடுத்து, அந்த 'ஸ்டெடியா நிப்பான்'. இந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலை கூடுகிறது. நான்கு குடித்தாலும் ஏறாத இளைஞனை உடம்பு வலுவானவன் என்று நினைக்கிறோம். உண்மையில் அவனுக்குப் போதும் என்று சொல்லும் மணி அடிக்கவில்லை. மற்றவன் தலை சுற்றி நிறுத்தும் இடத்தில் இவன் தொடர்கிறான். குடிநோய் உள்ள குடும்பங்களில் பிறந்த, இப்படி எளிதில் போதை ஏறாத இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு அவர்களுக்கே கூடுதல் என்று தெரிந்தது. தயவுசெய்து அந்த வாக்கியம் இனி உங்கள் வீட்டில் வேண்டாம்.

ரத்தமும் வளர்ப்பும்

இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையிலிருந்து வருகிறது என்கின்றன. அண்ணனைப் பறிகொடுத்த உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் குடிகாரனாக்குவதற்கென்று தனி மரபணு எதுவும் இல்லை. சிறு சிறு பங்கு வைக்கும் மரபணுக்கள் நிறைய. அவை அவசரபுத்தியையும், போதை ஏறும் வேகத்தையும், பதற்ற சுபாவத்தையும் தீர்மானிப்பதில் பங்கெடுக்கின்றன. மீதிப் பாதி வாழ்க்கையில் இருக்கிறது. மாமாவின் கதையை மகனிடம் நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லுங்கள். 'நீயும் அப்படித்தான் போவாய்' என்ற சாபமாகச் சொல்லாதீர்கள். சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிள்ளைக்கு எச்சரிக்கை சொல்வதுபோல, அவன் தெரிந்துகொள்ள உரிமையுள்ள மருத்துவ விவரமாகச் சொல்லுங்கள்.

14 வயதில் அப்பா ஊற்றிக் கொடுத்ததைப் பற்றி எழுதத் தயங்கினேன். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார், உலகம் முழுக்கப் பெற்றோர் இப்படி நினைக்கிறார்கள். ஆனாலும் ஆய்வுகள் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாக அதில் தெரியவில்லை. அடுத்த ஆண்டே வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் கூடியிருந்தது. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலும், 14 வயதிலோ அதற்கு முன்போ தொடங்கியவர்களில் நூற்றுக்கு சுமார் 40 பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 பேர். சீக்கிரம் தொடங்கியது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவசரபுத்தி உள்ள பிள்ளைகள்தான் சீக்கிரமும் தொடங்குகிறார்கள். இருந்தாலும் திட்டமிடுவதையும் தன்னை அடக்குவதையும் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நடந்ததற்காகக் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். இனி சில மாதங்கள் வீட்டில் மது இருக்கக் கூடாது, அவரும் வீட்டில் குடிக்கக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். அவர் அதற்கு ஒத்துக்கொண்டால், மகனுக்குச் செய்யும் ஆயிரம் உபதேசத்தைவிட அது பேசும்.

நண்பர்கள்தான் கெடுத்தார்களா?

நண்பர்களுக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அதிகம் குடிக்கும் கூட்டத்தில் இருப்பவன் அதிகம் குடிப்பான். யார் முதலில் முடிப்பது என்ற பந்தயமும், 'மச்சி, ஒண்ணே ஒண்ணு' என்ற வற்புறுத்தலும் அளவைக் கூட்டும். ஆனால் எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. குடிக்க விரும்புகிறவன் குடிக்கும் கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேர்கிறான். அந்த விடுதியில் குடிக்காத பையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உங்கள் மகன் ஏன் அவர்களோடு சேரவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? இன்னொன்று, 'எல்லாரும்தான் குடிக்கிறாங்க' என்று மாணவர்கள் மனதார நம்புகிறார்கள், ஆனால் சக மாணவர்கள் குடிக்கும் அளவை அவர்கள் உண்மையைவிட மிகையாகவே மதிப்பிடுகிறார்கள். சத்தம் போட்டுக் குடிக்கிறவன் கண்ணில் படுகிறான். அறையில் படித்துவிட்டுத் தூங்குகிறவன் படுவதில்லை.

இளைஞர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டால் நான்கு விதமான காரணங்கள் வரும்: கூட்டத்தோடு கொண்டாட, போதையின் சுகத்துக்காக, ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தால், மனதில் உள்ள ஒன்றை அடக்க. மற்ற மூன்றும் ஆபத்தில்லாதவை என்று சொல்லவில்லை. சுகத்துக்காகக் குடிக்கிறவர்கள் அளவில் மிஞ்சுகிறார்கள். ஆனால் கடைசிக் காரணத்துக்காகக் குடிக்கிறவர்களுக்குத்தான் அது பழக்கத்திலிருந்து நோயாக மாறும் ஆபத்து அதிகம்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்கு முக்கியமாகிறது. மூன்று பக்கம் எழுதியும் தோன்றாதது, முடித்த பிறகு தோன்றியிருக்கிறது. குடித்தால்தான் பேச்சு வருகிறது என்றால், குடிக்காதபோது பேச்சு எங்கே அடைபடுகிறது? கூச்சம் என்று நாம் செல்லமாகச் சொல்வது சிலருக்கு உண்மையில் கடுமையான சமூகப் பதற்றம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், கேன்டீனில் தனியாக உட்கார முடியாது, நான்கு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். விடுதியில் புதிதாகச் சேர்ந்த அப்படிப்பட்ட பையனுக்கு முதல் மாதம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஒருநாள் இரண்டு கிளாஸ் உள்ளே போகிறது. படபடப்பு அடங்குகிறது, வாய் திறக்கிறது, நண்பர்கள் தோளில் கை போடுகிறார்கள். அவன் அந்த விடுதலையைத்தான் தேடிப் போகிறான். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது தற்காலிகமாகக் கூட்டுகிறது. இறங்கும்போது அதே மூளை எதிர்ப்பக்கம் துள்ளுகிறது, மறுநாள் பதற்றம் முன்பைவிட அதிகமாகிறது. அதை அடக்க அடுத்த சனிக்கிழமை வேண்டியிருக்கிறது.

இது என் ஊகம்தான், நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, சிறுவயதில் பட்ட அடியோ அத்துமீறலோ, காதல் முறிவு, படிப்பில் பின்தங்கிய அவமானம் என்று வேறு ஏதாவதுகூட அடியில் இருக்கலாம். அரை மணி நேரம் அழுதானே, அப்போது என்ன சொன்னான் என்று நீங்கள் எழுதவில்லை. அதை நினைவுபடுத்திக் குறித்து வையுங்கள். சாக வேண்டும் என்பதுபோல ஏதாவது சொல்லியிருந்தால் 'போதையில் உளறினான்' என்று தள்ளாதீர்கள். அவன் தெளிவாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

உங்கள் மூன்று யோசனைகள்

பொடியை இன்றே தூக்கிப் போடுங்கள். இப்படிக் கைமாறும் 'குடியை மறக்கடிக்கும்' பொடிகளில் டைசல்ஃபிராம் இருப்பது உண்டு. அது ஈரலில் மதுவை உடைக்கும் ஒரு கட்டத்தை அடைத்துவிடும், அசிட்டால்டிஹைடு என்ற நச்சு ரத்தத்தில் தேங்கும். விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்பவருக்கு அது பயனுள்ள மருந்து. உட்கொண்டது தெரியாமல் ஒருவன் அதன்மேல் 100 கிராம் ஆல்கஹாலை ஊற்றினால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும். தவிர, அவன் வயது வந்தவன். சம்மதம் இல்லாமல் மருந்து கொடுக்க எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை. தெரியவந்தால் உங்கள் கையால் அவன் மறுபடி சாப்பிடவும் யோசிப்பான்.

சத்தியம் வாங்காதீர்கள். வாங்கினால் செய்வான், மனதாரத்தான் செய்வான். மீறிய அன்று குடித்த குற்ற உணர்வோடு அம்மாவைக் கொன்ற குற்ற உணர்வும் சேரும், அதை மறைக்கப் பொய்யும் தொடங்கும். இப்போதுவரை அவன் உங்கள் வாசலுக்குத்தானே வருகிறான், அந்தக் கதவை நீங்களே மூடிவிடுவீர்கள்.

படிப்பை நிறுத்துவது பற்றி அவசரப்பட வேண்டாம். விடுதியை மாற்றலாம், ஒரு பருவம் வீட்டிலிருந்து போய்வரலாம், ஆனால் அவனோடு பேசி எடுக்கும் முடிவாக இருக்கட்டும். பதற்றக்காரனை நான்கு சுவருக்குள் வைத்தால் பதற்றம் வளரும்.

இனி என்ன செய்யலாம்

மறுபடி அப்படி வந்தால் அன்றிரவு திட்டாதீர்கள், எதுவும் பதிவாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருங்கள். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள். வயிற்றில் உள்ளது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருப்பதால், குடித்து முடித்த பிறகும் நிலைமை மோசமாகலாம். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உடம்பு சில்லிடுகிறது, உதடு நீலம் பாய்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. வண்டிச் சாவியை மட்டும் எந்தச் சமரசமும் இல்லாமல் வாங்கி வைத்துவிடுங்கள்.

பேசுவதற்கு ஒரு நிதானமான மாலையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: "அன்னைக்கு ஒரு கால் செருப்போட வந்து நின்னே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. உனக்கு அது ஞாபகம் இல்லைன்னு டாக்டர் சொல்றாரு, நான் நம்பறேன். எனக்குப் பயமா இருந்துச்சுப்பா." அதற்கு மேல் கேள்வி ஒன்றே ஒன்று: "குடிச்சா உனக்கு என்ன சரியாகுது?" யார் வாங்கிக் கொடுத்தது, காசு எங்கிருந்து வந்தது என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம். அவன் சொல்ல நாளாகலாம், காத்திருங்கள்.

மருத்துவரிடம் வரச் சம்மதித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் பட்டியலோடு பெரும்பாலும் தொடங்குவார்கள். 40க்கு 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் கவனிக்க வேண்டிய குடி என்று பொருள். பல இளைஞர்களுக்குச் சில அமர்வுகள் பேசுவதே போதுமானதாக இருக்கிறது. பதற்றமோ சோர்வோ அடியில் இருந்தால் அதற்கான சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும், குடியை நிறுத்தட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. தேவைப்பட்டால் நால்ட்ரெக்சோன் போல ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. விடுதியில் தினமும் குடிக்கிறான் என்று தெரியவந்தால் மட்டும், வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாட்களில் வலிப்புகூட வரலாம். அதை மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

இரண்டு விஷயங்களுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் அவனைத் தனியாகப் பார்ப்பார். அங்கே அவன் சொல்வதை, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அவன் அனுமதி இல்லாமல் உங்களிடம் சொல்ல மாட்டார். அந்த ரகசியம் இருந்தால்தான் அவன் உண்மையைப் பேசுவான். இரண்டாவது, அவன் வர மறுக்கலாம். அப்போது நீங்கள் மட்டும் போங்கள். தெளிவாக இருக்கும் நாட்களை எப்படிக் கூட உட்கார்ந்து நல்ல நாட்களாக்குவது, குடியின் விளைவுகளை எதுவரை நீங்கள் சுமப்பது, எங்கே நிறுத்துவது என்று குடும்பத்தாருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறைகள் இருக்கின்றன. பிடிவாதமாக மறுத்தவர்கள்கூட அந்த வழியில் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள்.

எங்கே தவறினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஸ்லாந்தில் 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையில் மூழ்கியிருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட்டது அதில் ஒரு பங்குதான். விற்பனை வயது வரம்பு, விளம்பரத் தடை, இரவில் வெளியே திரியக் கட்டுப்பாடு, ஊர் முழுக்க விளையாட்டும் இசையும் கற்க நிதியுதவி, எல்லாம் சேர்ந்தே அது நடந்தது. எளிதாகக் கிடைப்பதும் மலிவாகக் கிடைப்பதும் இளைஞர்களின் குடியை நிச்சயமாகக் கூட்டுகின்றன, அந்த இரண்டும் உங்கள் கையில் இல்லை. அந்தக் கேள்வியை இப்போதைக்குக் கீழே வையுங்கள்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மூன்று தடவையும் என்ன தேதி, எவ்வளவு குடித்தான், எதுவரை அவனுக்கு ஞாபகம் இருந்தது, அழுதபோது என்ன சொன்னான், உங்கள் அண்ணனின் விவரம். 'குடித்தால்தான் அவனுக்குப் பேச்சே வருகிறது' என்று எனக்கு எழுதினீர்களே, அந்த வரியை இந்த முறை தாளின் தலையில் எழுதுங்கள்.